இரண்டாவது பேட்டரி: என் கணக்கில் விட்டுப்போனவை

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் என் அக்கா பையன் போன் பண்ணி ஒரு கேள்வி கேட்டான். சென்னையில் சாப்பாடு டெலிவரி வேலை. லைசென்ஸ் தேவைப்படாத, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத சின்ன எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருக்கிறான். "மாமா, ராத்திரி ஏழரை மணிக்கு சார்ஜ் தீந்துடுது. ஆர்டர் வர்றதே அப்பதான். இன்னொரு பேட்டரி வாங்கி கால் வைக்கிற எடத்துல வச்சுக்கிட்டா வெயிட்டுக்கு வண்டி இழுக்குமா?"

நான் இன்ஜினியர். கேள்வி எப்படி வந்ததோ அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, அரை மணி நேரத்தில் பதில் அனுப்பினேன். "தாராளமா இழுக்கும். வாங்கிக்கோ."

பதில் சரியானதுதான். ஆனால் அறிவுரை தப்பு. இரண்டுக்கும் நடுவில் எனக்கு விட்டுப்போனது என்ன என்று எழுதி வைப்பதுதான் இந்தக் குறிப்பு. "ஒரு ஸ்பேர் பேட்டரி வாங்கிக்கோங்க, பிரச்சினை முடிஞ்சுது" என்று சொல்கிற எல்லோர் மீதும் எனக்கு விமர்சனம் உண்டு. அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் நான்தான் என்பதால் என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

முதலில், சரியாக இருந்த கணக்கு

அவன் வண்டியில் இருப்பது 48 வோல்ட், 24 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. பெருக்கினால் ஏறக்குறைய 1150 வாட்-ஹவர். ஒரு யூனிட் கரண்டை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். எடை எட்டு கிலோ.

வண்டி, ஆள், முதுகில் சாப்பாட்டுப் பை எல்லாம் சேர்த்து 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டு போக கிலோமீட்டருக்கு 5 வாட்-ஹவர் ஆகும். டயர் உருள்வதற்கு 6. தெருமுனை, சிக்னல், மாடு, ஸ்பீட் பிரேக்கர் என்று கிலோமீட்டருக்கு ஐந்து தடவை நின்று கிளம்பினால், ஒவ்வொரு கிளம்பலுக்கும் 1 வாட்-ஹவர் வீதம் இன்னொரு 5. மொத்தம் 16. மோட்டாரும் கன்ட்ரோலரும் சாப்பிடுகிற பங்கையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து கிலோமீட்டருக்கு 23 வாட்-ஹவர் போகும். 1150-ஐ 23-ஆல் வகுத்தால் 50 கிலோமீட்டர். பேட்டரிக்கு வயசாகியிருக்கிறது, கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச முடியாது, ஆகவே தெருவில் அவனுக்குக் கிடைப்பது 42. நான் காகிதத்தில் போட்டதற்கு அது அவ்வளவு தூரம் இல்லை.

இதில் எட்டு கிலோவைக் கூடுதலாக ஏற்றினால்? காற்றுக்கு ஒன்றும் ஆகாது. உருள்வதற்கும் நின்று கிளம்புவதற்கும் சேர்த்து கிலோமீட்டருக்கு 0.9 வாட்-ஹவர் கூடும். நான்கு சதவீதத்துக்கும் கீழே. நான்கு சதவீதம் கொடுத்து நூறு சதவீதம் வாங்குகிறோம். இதை விட லாபமான வியாபாரம் உண்டா?

எடையைக் காட்டி ஸ்பேர் பேட்டரியை எதிர்க்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். சமதரையில் ஓடுகிற வண்டிக்கு அந்த வாதம் நிற்காது. மலையேறினாலும் பெரிய வித்தியாசமில்லை. எட்டு கிலோவை 100 மீட்டர் உயரம் தூக்க 2.2 வாட்-ஹவர்தான் வேண்டும். அந்தப் பேட்டரிக்குள் இருப்பது அதைப்போல ஐநூறு மடங்கு. ஆகவே எடையை விட்டுவிடுவோம்.

எழுபது என்று எழுதியிருந்தது

வண்டி வாங்கும்போது ஒரு சார்ஜுக்கு 70 கிலோமீட்டர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கிடைப்பது 42. "ஏமாத்திட்டாங்க மாமா" என்றான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு மேலே உள்ள கணக்கையே திரும்பப் பார்த்தேன். அதில் நின்று கிளம்புகிற 5 வாட்-ஹவரை மட்டும் எடுத்துவிட்டால், பேட்டரியிலிருந்து கிலோமீட்டருக்கு 15.6 போதும். 1150-ஐ 15.6-ஆல் வகுத்தால் 74.

அதாவது 70 என்பது பொய்யில்லை. நிற்காமல், ஒரே சீரான வேகத்தில், காலி ரோட்டில், புதுப் பேட்டரியோடு போகிற ஒரு மனுஷனுக்கு அது கிடைக்கும். மடிப்பாக்கத்துச் சந்துகளில் பிரியாணி கொண்டுபோகிறவனுக்குக் கிடைக்காது. எண் சரி, அந்த எண் எந்த ரோட்டுக்கு என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

இங்கேதான் என் முதல் விமர்சனம். இரண்டாவது பேட்டரி என்று நாம் வாங்குவது பெரும்பாலும் முதல் பேட்டரியில் கிடைக்கும் என்று நம்பி ஏற்கனவே காசு கொடுத்த தூரத்தைத்தான். ஒரே தூரத்துக்கு இரண்டு தடவை பணம். வாங்கும்போதே "நின்று நின்று போனால் 42" என்று தெரிந்திருந்தால், அவன் பெரிய பேட்டரி உள்ள வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கடன் வாங்கியிருப்பான். அல்லது இந்த வேலைக்கு இந்த வண்டி ஆகாது என்று விட்டிருப்பான்.

அந்த இரண்டாவது தடவைக்கு வரியும் கூடுதல். எலக்ட்ரிக் வண்டிக்கு 2019 ஆகஸ்டிலிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம். அதே பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18. வண்டியோடு வந்தால் அது வண்டி. தனியாக வந்தால் வேறு சரக்கு. கம்பெனி பேட்டரி விலையைக் கேட்டுவிட்டு, அவன் பில் இல்லாமல் பாதி விலைக்குப் பேக் கட்டித் தருகிற ஒரு பட்டறைக்குப் போனான். அவன் நிலைமையில் நான் இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன்.

பரண் மேல் தூங்கிய பேட்டரி

என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது மிதிக்கிற எலக்ட்ரிக் சைக்கிள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர், 360 வாட்-ஹவர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிப் போக வேண்டும் என்ற ஆசையில் நானும் ஒரு ஸ்பேர் வாங்கினேன்.

சேலம் கடல் மட்டத்துக்கு மேலே 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர். நூறு கிலோ எடையை 1200 மீட்டர் தூக்க 327 வாட்-ஹவர். டயர் உருள்வதற்கு ஐம்பது சொச்சம். மோட்டாரே எல்லாவற்றையும் செய்தால் பேட்டரியிலிருந்து ஐநூறுக்கு மேல் வேண்டும். ஆகவே ஸ்பேர் இல்லாமல் முடியாது என்று முடிவு பண்ணியிருந்தேன். கணக்கில் ஒரு ஆளை மறந்துவிட்டேன்: நான். நடுத்தர வயசு ஆள் மூச்சு வாங்காமல் 100 வாட் மிதிக்கலாம். இரண்டரை மணி நேரம் மிதித்தால் 250 வாட்-ஹவர் என் காலிலிருந்தே வருகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தபோது முதல் பேட்டரியில் ஐந்து கோட்டில் இரண்டு மீதி இருந்தது. ஸ்பேரை பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அதற்கப்புறம் அதைப் பரண் மேல் வைத்தேன். முழு சார்ஜோடு. சேலத்து வெயிலில், கூரைக்கு அடியில், ஒன்பது மாதம். லித்தியம் செல் முழுதாக நிரம்பியிருக்கும்போதுதான் உள்ளுக்குள் அதிகம் சிதைகிறது. சூடு அதை வேகப்படுத்துகிறது. பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் 'அவசரத்துக்கு' என்று வைக்கிற பொருளை யாராவது பாதி நிரப்பி வைப்பார்களா? இறக்கி அளந்து பார்த்தபோது 360-க்கு 280 வந்தது. ஒரு கிலோமீட்டர் கூட ஓடாமல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

ஸ்டெப்னி டயரைப் போல எடுத்து வைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய பொருளில்லை பேட்டரி. அது வைத்த இடத்திலேயே வயசாகிற பொருள். ஸ்பேர் வைத்திருப்பவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஒன்றை ஓட்டி ஒன்றைப் பாதுகாத்தால், பாதுகாத்தது கெட்டுப்போகும்.

அந்த அறை

போன தை மாசம் ஆபீஸ் வேலையாக சென்னை போனவன் ராத்திரி மருமகன் அறையில் தங்கினேன். இரண்டாவது மாடி. ஒரே அறை, மூணு பசங்க, ஒரே கதவு. ஜன்னலுக்குக் கம்பி. கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே பிளக் பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் போட்டு, தரையில் இரண்டு பேட்டரியும் சார்ஜில் கிடந்தன. மேலே ஆணியில் ஈரத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சார்ஜரில் விளக்கு சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று மாறிக்கொண்டே இருந்தது.

"இது எத்தன நாளாடா இப்படி எரியுது?"

"ரெண்டு மூணு நாளா மாமா. ஆனா சார்ஜ் ஏறிடுது."

சார்ஜரைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தேன். 58.4 வோல்ட். என் வயிறு ஒரு தடவை புரண்டது. பிளக்கைப் பிடுங்கினேன்.

ஏன் என்று விளக்குகிறேன். '48 வோல்ட் பேட்டரி' என்பது கடைப் பேச்சு. அதற்குள் இரண்டு வேறு ஜாதி இருக்கிறது. கம்பெனி கொடுத்தது என்எம்சி வகை. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது. அதில் 13 செல் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிரம்பும், மொத்தம் 54.6. பட்டறையில் கட்டிக் கொடுத்தது எல்எஃப்பி வகை. இரும்பு பாஸ்பேட். அதில் 16 செல், ஒவ்வொன்றும் 3.65-ல் நிரம்பும், மொத்தம் 58.4. இரண்டு பெட்டியின் மேலும் 48 என்றுதான் எழுதியிருக்கிறது. இரண்டு சார்ஜரின் முனையும் ஒரே மாதிரி. இருட்டில் எதை எதில் சொருகினாலும் உள்ளே போகும்.

54.6 சார்ஜரை எல்எஃப்பி பேட்டரியில் சொருகினால் பெரிய ஆபத்தில்லை. செல்லுக்கு 3.41 வோல்ட்தான் கிடைக்கும், முழுசாக நிரம்பாது, அவ்வளவுதான். தலைகீழாகச் சொருகினால்? 58.4-ஐ 13-ஆல் வகுத்துப் பாருங்கள். செல்லுக்கு 4.49. நிரம்ப வேண்டிய 4.2-ஐத் தாண்டி எங்கேயோ போகிறது. அங்கே செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிய ஆரம்பிக்கும், எலக்ட்ரோலைட் சிதையும், சூடு ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே அடுத்த சூட்டை உண்டாக்கும். அப்புறம் பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது.

அன்றுவரை அப்படி ஆகாததற்குக் காரணம் பேட்டரிக்குள் இருக்கிற பிஎம்எஸ் என்ற சின்ன போர்டு. ஒரு செல் எல்லையைத் தாண்டியதும் அது சார்ஜை வெட்டிவிடுகிறது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியதும் திரும்ப விடுகிறது. திரும்ப வெட்டுகிறது. சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரிந்தது அதனால்தான். மூன்று ராத்திரி அந்த மூணு பசங்களுக்கும் நெருப்புக்கும் நடுவில் நின்றது அந்த போர்டில் இருக்கிற சில மாஸ்ஃபெட் ஸ்விட்சுகள் மட்டும். மாஸ்ஃபெட் கெட்டால் பல சமயம் மூடிய நிலையிலேயே கெடும். கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், விளக்கும் மாறி எரியாது, யாருக்கும் தெரியாது.

என் ஸ்ப்ரெட்ஷீட்டில் ரோடு இருந்தது, காற்று இருந்தது, ஆள் எடை, பை எடை எல்லாம் இருந்தது. இந்த அறை இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அலுத்துப் போய் வருகிறவன் எந்த சார்ஜரை எதில் சொருகுவான் என்கிற கேள்வி இல்லை. வண்டியில் ஏற்றுகிற எட்டு கிலோவைப் பற்றி யோசித்தேன். வீட்டுக்குள் ஏற்றுகிற 1150 வாட்-ஹவரைப் பற்றி யோசிக்கவில்லை.

அதோடு அவன் இன்னொரு திட்டமும் வைத்திருந்தான். வழியில் நிறுத்தி மாற்றுவது தொந்தரவாக இருக்கிறதாம். இரண்டையும் ஒன்றாக இணைத்து ஓட்டலாமா என்று கேட்டான். காலி ஆன பேட்டரி 44 வோல்ட், நிரம்பியது 54.6. வித்தியாசம் 10.6. இரண்டின் உள்தடையும் வயர் தடையும் சேர்த்து 0.2 ஓம் என்றால், இணைத்த அந்த நொடியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்வது 53 ஆம்பியர். அவன் சார்ஜர் கொடுப்பது 5. இதுவே ஒரே வகைப் பேட்டரிக்கு. வேறு வேறு வகையை இணைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். "அந்தப் பேச்சே கூடாது மாப்ள" என்றேன்.

வேலூரும் நியூயார்க்கும்

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஆனால் சொல்லாமலும் விட முடியாது. 2022 மார்ச் கடைசியில் வேலூரில் வீட்டில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்து, அப்பாவும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்துகளில் பெரும்பாலும் தீயை விடப் புகைதான் முதலில் வந்து சேர்கிறது.

அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகு மத்திய அரசு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. நல்ல விஷயம். ஆனால் சோதனைக்குப் போவது கம்பெனி விற்கிற வண்டியும் அதோடு வருகிற பேட்டரியும். பட்டறையில் ஸ்பாட் வெல்டிங் போட்டு, நீலக் கலர் பிளாஸ்டிக்கைச் சுருக்கி ஒட்டிக் கொடுக்கிற பெட்டி அந்தப் பக்கமே போவதில்லை. வண்டிக்குச் சட்டம் இருக்கிறது, ஸ்பேருக்கு இல்லை. பட்டறைக்காரரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவர் கொடுத்தது நல்ல பேட்டரி, நான் திறந்து பார்த்தேன். சரியான சார்ஜரும் கொடுத்திருந்தார். இந்த இரண்டு சார்ஜரும் ஒரே அறையில் இருக்கப்போகிறது என்பதை யோசிப்பது அவர் வேலையாக இல்லை, கம்பெனியின் வேலையாகவும் இல்லை.

நியூயார்க்கில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. அங்கே சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேட்டரி பத்தாது, ஆகவே பலரும் இரண்டு வைத்திருக்கிறார்கள். ராத்திரி அடுக்குமாடி வீட்டிலோ, கீழே கடையிலோ சார்ஜ் போடுகிறார்கள். 2023-ல் மட்டும் அந்த நகரத்தில் லித்தியம் பேட்டரி தீ விபத்துகள் 268, இறந்தவர்கள் 18 பேர். அந்த வருஷம் நகர நிர்வாகம், தரச் சான்று இல்லாத எலக்ட்ரிக் சைக்கிளையும் பேட்டரியையும் விற்கக் கூடாது, பழைய பேட்டரியிலிருந்து பிரித்த செல்களை வைத்துப் புதிதாகக் கட்டி விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. கவனியுங்கள், அங்கே பேட்டரிக்குத் தனியாகச் சட்டம் வந்தது. வண்டி வேறு பேட்டரி வேறு என்று பிரித்துப் பார்த்ததுதான் அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

பேட்டரிக்கு பதில் பிளக்

மறுநாள் காலையில் டீ குடித்துக்கொண்டே அவனிடம் நான் ஒன்றரை வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? எண்பது. நடுவில் எப்போது சும்மா இருப்பாய்? "ரெண்டரையிலேந்து அஞ்சரை வரைக்கும் ஆர்டரே வராது மாமா. டீக்கடையிலதான் உக்காந்திருப்போம்."

மூணு மணி நேரம்! 5 ஆம்பியர் சார்ஜர் மூணு மணி நேரத்தில் 15 ஆம்பியர்-ஹவர் ஏற்றும். 24-ல் 15. அவன் ஓட்டுகிற விதத்தில் அது 26 கிலோமீட்டர். 42-உம் 26-உம் 68. எட்டு கிலோ பேட்டரிக்குப் பதிலாக ஒன்றரை கிலோ சார்ஜரைப் பையில் வைத்திருந்தால், தேவையில் ஆறில் ஐந்து பங்கு முடிந்திருக்கும். முக்கால் யூனிட்டுக்கும் கொஞ்சம் மேல் கரண்ட் செலவு. டீக்கடை அண்ணனுக்கு ஒரு நாளைக்குப் பதினஞ்சு ரூபாய் கொடுத்தால் அவருக்கும் லாபம்தான். பகல் வெளிச்சத்தில், திறந்த இடத்தில், நாலு பேர் கண் முன்னால் சார்ஜ் ஏறும்.

என் இரண்டாவது விமர்சனம் இது. "தூரம் பத்தவில்லை" என்று ஒருவர் சொன்னால் நாம் உடனே பேட்டரி அளவைப் பற்றிப் பேசுகிறோம். பல பேருக்கு உண்மையில் குறைவது பிளக் பாயின்ட். வண்டி நிற்கிற நேரமும் இடமும் தெரியாமல் ஸ்பேர் பேட்டரி சிபாரிசு பண்ணுவது, நோயாளியைப் பார்க்காமல் மாத்திரை எழுதுகிற மாதிரி.

தைவானில் கோகோரோ 2015-லிருந்து இதையே வேறு விதமாகச் செய்கிறது. தெருமுனைப் பெட்டியில் காலி பேட்டரியைச் சொருகிவிட்டு நிரம்பியதை எடுத்துக்கொண்டு போகலாம். ஸ்பேர் இருக்கிறது, ஆனால் அது யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் இல்லை. அதைப் பராமரிப்பது, சூடு பார்ப்பது, வயசானால் ஒதுக்குவது எல்லாம் அவர்கள் பாடு. நம் ஊரிலும் மாற்று நிலையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அதற்கென்றே செய்த வண்டி வேண்டும். மருமகன் வண்டிக்கு அது பொருந்தாது.

அப்ப ஸ்பேரே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது எனக்கு வசதியான விமர்சனம். மாதச் சம்பளக்காரன் நான், சார்ஜ் தீர்ந்தால் மிதித்து வீடு வந்துவிடுவேன். அவன் வண்டியில் மிதி கிடையாது. 68-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கிற 12 கிலோமீட்டரில்தான் அவனுடைய ராத்திரி ஆர்டர்கள் இருக்கின்றன. அதில்தான் அக்காவுக்கு அனுப்புகிற பணம் இருக்கிறது. ஸ்பேர் வேண்டாம் என்று நான் சொன்னால், அந்தப் பணத்தை நான் கொடுக்கப்போகிறேனா?

நாள் முழுக்க ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கும், வழியில் பிளக்கே கிடைக்காத இடத்துக்குப் போகிறவர்களுக்கும் ஸ்பேர் நியாயம்தான். ஆனால் முதல் பேட்டரி எந்த வகையோ அதே வகையாக, அதே செல் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஒரே சார்ஜர் போதும், தப்பாகச் சொருக வழியே இல்லை. வேறு வகைதான் கிடைக்கிறது என்றால் சார்ஜர் முனையையும் பேட்டரி முனையையும் வேறு அச்சாக மாற்றி விட வேண்டும். அழியாத பேனாவில் எழுதி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் யாரும் படிப்பதில்லை. இரண்டையும் சுழற்சியில் ஓட்ட வேண்டும். வெளியே ஓடி வர இருக்கிற வழியில் சார்ஜ் போடக் கூடாது. படுக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும்.

அவனுக்கு என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூணு ராத்திரி தப்பான சார்ஜரில் கிடந்த கம்பெனிப் பேட்டரியை மாடிக்குக் கொண்டுபோய், மல்டிமீட்டரால் 13 செல் வரிசையையும் ஒவ்வொன்றாக அளந்தேன். இரண்டு வரிசை மற்றவற்றோடு ஒட்டாமல் விலகியிருந்தது. அதை நம்ப எனக்கு மனசு வரவில்லை. 2022-ஆம் வருஷத்துப் பேட்டரிக் கழிவு விதிகள்படி, பயன் முடிந்த பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஷோரூமில் அரை மணி நேரம் விதியைப் பற்றிப் பேசிய பிறகு வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது அவன் ஓட்டுவது பட்டறைப் பேட்டரி ஒன்றே ஒன்று. 54.6 சார்ஜரை நான் சேலத்துக்கு எடுத்து வந்துவிட்டேன். பகலில் டீக்கடையில் சார்ஜ், ராத்திரி கீழ்வீட்டு அம்மாவின் திண்ணையில் மீட்டர் போட்டு சார்ஜ், பதினொன்றரைக்குப் பிடுங்கல். அதே பட்டறையில் அதே வகையில் இன்னொன்று கட்டச் சொல்லியிருக்கிறோம், இந்தத் தடவை பில்லோடு. பாதிப் பணம் என்னுடையது. அறிவுரை சொன்ன குத்தத்துக்கு.

அது வருகிறவரைக்கும் ஒரு நாளைக்கு மூணு நாலு ஆர்டர் போகிறது என்று அவன் கணக்கு சொல்கிறான். அந்தக் கணக்கும் சரியாகத்தான் இருக்கும்.

போன வாரம் ஆபீஸில் ஒரு நண்பர் கேட்டார், எலக்ட்ரிக் பைக்குக்கு ஸ்பேர் பேட்டரி வாங்கலாமா என்று. வோல்டேஜ், எடை, வாட்-ஹவர் எதையும் நான் கேட்கவில்லை. "ராத்திரி எங்க வச்சு சார்ஜ் போடுவீங்க?" என்றுதான் முதலில் கேட்டேன்.